இன்னைக்கு அறுந்துச்சா?

—நிறுத்து.

—மெஷினையா?

—பேச்ச. மெஷின நிறுத்தினா உன்னையே டைக்குள்ள விட்டு இழுத்துடுவேன்.

—இழு. எங்கம்மாவும் சொல்லிக்கிட்டேதான் இருக்கு, கிளாட்வினு கொஞ்சம் ஒல்லியானா நல்லாருக்கும்னு.

—யாருடா ஓட்டச் சொன்னா? மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு வர்றேன், அதுக்கப்பறம் கடைசி டையில விடலாம்னு சொல்லிட்டுத்தான போனேன்?

—சொன்ன சாதிக்கு. நீயும் சொன்ன. கரண்ட்டும் சொல்லுச்சு, இப்ப விட்டா சாயங்காலந்தான் வருவேன்னு. ரெண்டு பேர்ல அதுதான் பெரிய ஆபீசரு. ஓட்டிட்டேன். மேட்டர் அவ்ளோதான்.

—எவ்ளோ ஓடியிருக்கு?

—பாதிக்கு மேல. நல்லாத்தான் வருது. அந்தப் பக்கம் உருளையிலேர்ந்து அவுருது, நடுவுல டைங்கற அச்சோட ஓட்டையில நுழையுது, இந்தப் பக்கம் டிரம்முல ஒல்லியாகி வந்து சுத்திக்குது. அது பாட்டுக்கு அது. உன் மூஞ்சிதான் கோணலா இருக்கு.

—இந்தா, இந்த போட்டோவப் பாரு. கம்பியோட வால்ல காலைல ஒரு துண்டு வெட்டி எடுத்தேன்ல, அதப் பாலிஷ் போட்டு எடுத்தது.

—தேன்கூடு. எப்பவும் தேன்கூடுதான.

—எப்பவும் எல்லாக் கண்ணும் ஒரே நெறமா இருக்கும். ஓரத்துலேர்ந்து ரெண்டாவது வரிசையப் பாரு.

—ஒண்ணு மட்டும் வெள்ளையா இருக்கு.

—இருக்குல்ல?

—லைட்டு பட்டிருக்கும்.

—லைட்டு வந்து ஒரே ஒரு கண்ணாப் பாத்துப் படுமா? அதுக்குள்ள நியோபிய உலோக நூலே இல்லடா. மொழுமொழுன்னு வெள்ளை. எவனோ கம்பிக்குள்ள எதையோ வச்சிருக்கான்.

—சரி, நிறுத்திட்டு யோசிப்போம்.

—நிறுத்தினா டைக்குள்ள வழுக்குறதுக்குப் போட்ட சோப்பெல்லாம் பிதுங்கி வெளிய வந்துடும். கம்பி டையோட ஒட்டிக்கும். திரும்ப இழுக்குறப்ப அந்த எடத்துலயே டப்புனு போவும்.

—அப்ப ஓட்டுவோம்.

—ஓட்டினா அந்த வெள்ளை டைக்கு வர்றப்ப டப்புனு போவும்.

—ரெண்டுக்கும் டப்புதானா? அப்ப உக்காரு. டீ இருக்கு, சூடு இல்ல.

—உனக்கு எல்லாமே வெளையாட்டு.

—இல்ல பாய், நெசமாத்தான் கேக்குறேன். அத்தன கண்ணுல ஒண்ணு வெள்ளையா இருந்தா என்ன கெட்டுப்போச்சு? லட்சக்கணக்குல நூலு இருக்குன்னு நீதான சொல்லுவ.

—அந்த லட்சம் எப்படி வந்துச்சு? செம்புக் குழாய்க்குள்ள நியோபியக் கம்பிய விட்டோம். இழுத்து இழுத்து பென்சிலாக்கினோம். பென்சில துண்டு போட்டுக் கட்டாக் கட்டி மறுபடி ஒரு குழாய்க்குள்ள விட்டோம். மறுபடி இழுத்தோம். மறுபடி துண்டு, மறுபடி கட்டு. எதுக்கு? செம்பு கரண்ட்டக் கொண்டு போவணும், நூலு கம்பியப் பிய்யாம புடிச்சுக்கணும். நூலு இல்லாத எடம் ஒண்ணு இருந்தாலும் பிய்யறது அங்கதான் ஆரம்பிக்கும்.

—இத உன் கல்யாணத்துல ஒரு பெரியவருக்கு அரமணி நேரம் சொன்ன. மாப்பிள்ளைக்கி என்ன வேலைன்னு பாவம் ஒரு மரியாதைக்கிக் கேட்டாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "அல்ஹம்துலில்லாஹ், எலக்ட்ரீசியனா?"ன்னாரு.

—காந்தம் வரைக்கும் அவரு கேக்கல.

—பிரியாணி வந்துடுச்சு.

—இந்தக் கம்பிய பிரான்சு லேபுல சுருளாச் சுத்திக் காந்தம் பண்ணுவாங்க, அதுல கரண்ட்ட மொத்தமா ஒரே நேரத்துல தொறந்து விடுவாங்க கிளாடு. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். அந்த ஒரு சிமிட்டுக்குள்ள சுருளு தன்னைத்தானே கிழிச்சுக்கிட்டு வெளிய பாயப் பாக்கும். வெறும் செம்பா இருந்தா பிதுங்கிடும். வெறும் இரும்பா இருந்தா கரண்ட்டு போவாது, வெந்துடும்.

—கண்ணு சிமிட்டுற நேரத்துக்காவ ரெண்டு வருஷமா இழுக்குறோம். போன ரெண்டு தடவையும் இதே டையிலதான் அறுந்துச்சு.

—மூணாவதும் அறுந்தா செக்‌ஷன மூடிடுவேன்னு மொதலாளி சம்பந்தம் சாரு சொல்லிட்டாரு. கம்பிக்கு சூடு காட்டுற சூளைய வாங்கிக்க ஆளு கூட வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க.

—அந்த மீச வச்ச ஆளா? நான் கஸ்டமருன்னு நெனச்சு எளநி வாங்கிக் குடுத்தேனே.

—அவரு நம்ம சூளையில பிஸ்கட் சுடலாமான்னு கேட்டுட்டுப் போனாரு.

—செக்‌ஷன மூடினா நமக்கு என்ன? நான் பழையபடி மோட்டார் கம்பி இழுக்கப் போறேன். நீ சவுதிக்கு, தமாம் போற. உங்க மன்சூர் அலி மாமாதான் அங்க கேபிள் கம்பெனியில எடம் புடிச்சு வச்சிருக்காரே.

—அதான் வேணாங்கறேன்.

—காரைக்கால்ல இத வேணாங்கற மொத ஆளு நீதான். உன்னையத்தான் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சுக் காட்டணும்.

—இன்னைக்கு ஜும்ஆ முடிஞ்சதும் மாமா பள்ளிவாசல் வாசல்லயே நிப்பாரு, போறியா இல்லையான்னு. கம்பி முழுசா வந்துடுச்சுன்னா 'வேல இருக்கு மாமா, இங்கயே இருக்கேன்'னு சொல்லிடுவேன். அறுந்துச்சுன்னா பொட்டியக் கட்ட வேண்டியதுதான்.

—அப்படி என்ன பாய் தமாம் மேல கோவம்?

—எங்க வாப்பா அங்கேர்ந்து மொத தடவ வந்தப்ப எனக்கு நாலு வயசு. கதவத் தொறந்தது நான்தான். தொறந்து பாத்துட்டு உள்ள ஓடிப்போயி, "உம்மா, யாரோ ஒரு மாமா பொட்டி தூக்கிக்கிட்டு வந்திருக்காரு"ன்னேன்.

—அய்யோ.

—உம்மா சிரிச்சுட்டாங்க. வாப்பாவும் சிரிச்சாரு. சிரிச்சுட்டு பாத்ரூமுக்குப் போனவரு ரொம்ப நேரம் வெளிய வரல. ரிஃபானாவுக்கு இது ஏழாவது மாசம். என் பிள்ள என்னைய மாமான்னு கூப்புடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்ளோதான்.

—ரிஃபானா என்ன சொல்லுது?

—அவளுக்கு என் வேல மேல இருக்குற அக்கற எனக்கே இல்லடா. அவ அக்கா தமாம்லதான் இருக்கா, தெனமும் போட்டோ அனுப்புவா. இவ அதெல்லாம் கண்டுக்கறதே இல்ல, பாத்துட்டு போன கவுத்து வச்சிடுவா. நான் வீட்டுக்குள்ள கால் வைக்கிறப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா: "இன்னைக்கு அறுந்துச்சா?" தெனமும். தண்ணி குடுக்குறதுக்கு முன்னாடி அதான்.

—என் பொண்டாட்டி ஜோவிதாவும்தான் இருக்கு. நான் எந்தக் கம்பெனியில வேல பாக்குறேன்னு கேட்டா கூகுள்ல தேடும்.

—"இல்லம்மா, அறுவல"ன்னு சொன்னா ஒரு நிமிஷம் அப்படியே நிப்பா. மனசு நெறஞ்சுடும்போல.

—குடுத்து வச்ச ஆளுதான். ஆனா வயித்துல பிள்ள ஒதைக்குதுன்னு அது சொன்னப்ப, எவ்ளோ போர்ஸ்ல ஒதைக்குதுன்னு கேட்டியாமே?

—தகவலுக்குக் கேட்டேன். சரி, குழாய்க்குள்ள இந்தக் கடைசிக் கட்ட அடுக்கினது யாரு? ஞானக்காதான? கூப்புடு.

—ஞானக்கா! ஞானக்கா! இங்கிட்டு வாங்க, சாதிக்கு சாரு கூப்புடுறாரு!

—என்னடா கத்துற? வெள்ளிக்கிழமையும் அதுவுமா சோத்து டப்பாவக் கூடத் தொறக்க விட மாட்டேங்குறீங்க. என்ன தம்பி?

—அக்கா, இந்த போட்டோவப் பாருங்க.

—அய், நல்லாருக்கு. கோயில்ல ஆல்டர் மேல போடுற லேஸு துணியா?

—நம்ம கம்பிக்கா. குறுக்க வெட்டினது.

—மாதாவே! இம்மாம் அழகாவா இருக்கு உள்ள? நான் அடுக்கினதா இது?

—நீங்க அடுக்கினதுதான். இந்த வெள்ளையா ஒண்ணு தெரியுதுல்ல, அது என்ன?

—எது?

—இது.

—கண்ணாடி கொண்டு வரலையே தம்பி.

—கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருக்குக்கா.

—டேய் கிளாட்வினு, நீ பேசாம இரு. உங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்.

—அக்கா, நான் திட்டமாட்டேன். கம்பி ஓடிக்கிட்டு இருக்கு. நிறுத்த முடியாது. உள்ள என்ன இருக்குன்னாவது தெரிஞ்சா அறுவுமா அறுவாதான்னு கணக்குப் போட்டுக்குவேன். சொல்லுங்க.

—நான் என்ன தப்பா செஞ்சுட்டேன்? கேளு. அன்னிக்கி அடுக்குறப்ப ஒரு பென்சில் குச்சி ஒரு வெரல் நீளம் கட்டையாப் போச்சு. வெட்டினவன் தப்பா வெட்டிட்டான். வேற குச்சியும் இல்ல. சம்பந்தம் சாரு வாசல்ல நின்னுக்கிட்டு, வெல்டிங் ஆளு வந்துட்டான், குழாய மூடு மூடுன்னு குதிக்கிறாரு. நீ அன்னிக்கி இல்ல. ரிஃபானாவ ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்த.

—எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?

—ஸ்கேன் ரூம்ல இருக்குற ஆளுக்குக் குச்சி கட்டையாப் போச்சுன்னு போன் பண்ணவா? அபசகுனமா இருக்காது?

—அப்பறம்?

—ஓட்டை விடக்கூடாது, காத்து நின்னா கம்பி செத்துச்சுன்னு நீதான தலபாடா அடிச்சுக்குவ? மொத தடவ அறுந்தப்ப அதத்தான சொன்ன? அதனால ஓட்டை விடல. அடைச்சுட்டேன்.

—எத வச்சுக்கா அடைச்சீங்க?

—வெள்ளி.

—வெள்ளி எங்கேர்ந்து வந்துச்சு? கொலுசா?

—தகடு. நேந்துக்கிட்டுப் போடுற தகடு இருக்குல்ல, அது. நல்ல வெள்ளி தம்பி, ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்சது. பீடி மாதிரி இறுக்க உருட்டி உள்ள வச்சுக் குச்சியால குத்தி விட்டேன். கனகச்சிதமா உக்காந்துச்சு.

—பாய், நம்ம கம்பிக்குள்ள காணிக்கை போட்டிருக்காங்க. உண்டியலே இழுத்துக்கிட்டு இருக்கோம்.

—சிரிக்காதடா! அக்கா, நடுவுல ஒரு தடவ சூடு காட்டினோம்ல? அப்ப வெள்ளியும் செம்பும் ஒண்ணா உருகியிருந்தா உள்ள எவ்ளோ பெரிய ஓட்டை விழுந்திருக்கும் தெரியுமா?

—ஓட்டைய அடைக்கத்தான தம்பி வச்சேன்.

—அல்லாவே.

—இது வரைக்கும் எத்தனையோ டையில நுழைஞ்சு வந்துடுச்சு பாய். இந்த ஒண்ணுல மட்டும் என்ன பயம்?

—அப்பல்லாம் கம்பி தடி. இப்ப கடைசி மெலிசு. அதுவும் வெள்ளி இருக்குறது வால் பக்கம். ஒரு வெரல் நீளமா வச்சது இழுபட்டு இழுபட்டு இப்ப இந்தக் கொட்டக நீளத்துக்கு இருக்கும். அந்தா, அந்த உருளையில கடைசிச் சுத்து அவுர ஆரம்பிச்சா வெள்ளி வருதுன்னு அர்த்தம். அது அறுந்து போச்சுன்னா மிச்சம் பத்தாது. முழு நீளமும் ஒட்டுப் போடாம ஒரே கம்பியா இருந்தாத்தான் பிரான்சுல வாங்குவாங்க.

—ஏன் ஞானக்கா, ஊருல அத்தன சாமான் இருக்கு, சாமி தகடுதான் கெடச்சுதா? யாரோடது அது? வேளாங்கண்ணியில போட வச்சிருந்ததா?

—என்னோடது இல்ல. நாகூருக்குப் போவ வேண்டியது.

—நாகூரா? தர்காவுக்கா? யாரு குடுத்தா?

—நான் வேல முடிஞ்சு தெனமும் வாஞ்சூர் வீட்டுக்குப் போற ஆளு. அங்கேர்ந்து நாகூரு எட்டி நடந்தா வந்துடும். அதனால இங்க உள்ளவங்க நம்மகிட்ட குடுத்து விடுவாங்க, அக்கா இத ஆண்டவர் சன்னதியில சேத்துடுங்கன்னு. நானும் சேத்துடுவேன். ஒரு தடவ கூட மறந்ததில்ல.

—யாரு குடுத்தான்னு கேட்டேன்.

—சொன்னா கோவப்படக்கூடாது.

—அக்கா.

—உன் வீட்டுலதான் தம்பி. ரிஃபானா. மாசமா இருக்கேன், பஸ்ஸுல குலுங்க முடியாது, நீங்க போட்டுடுங்க, அவங்களுக்குத் தெரிய வேணாம்னு கையப் புடிச்சுக்கிட்டு சொல்லுச்சு. கண்ணுல தண்ணி. நேந்துக்கிட்டு நிய்யத்து வச்சிருக்காம். சேலை முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன். அன்னிக்கி ஓட்டை விழுந்தப்ப அதுதான் கையில பட்டுச்சு. புருசன் செய்யற கம்பிக்குள்ளதான போவுது, எங்க போட்டா என்ன, கேக்குறவருக்குக் கேக்காதான்னு நெனச்சேன். இது தப்பா?

—ரிஃபானாவா?

—கோவப்படாதன்னேன்ல.

—கோவம் இல்லக்கா.

—பாய் கண்ணும் கலங்குது. டேய், சோப்புத் தூளு பட்டுடுச்சா?

—பாத்தியா கிளாடு? எனக்குத் தெரியாம நேந்திருக்கா. நான்தான் இதெல்லாம் வேணாம், தகட்டுல என்ன இருக்குன்னு அவகிட்ட லெக்சர் அடிப்பேன். அதனாலதான் என்கிட்ட சொல்லல.

—தர்கா வாசல்ல தகடு விக்கிற கடையில எல்லா உருவமும் இருக்கும் பாய். கண்ணு வலிக்குக் கண்ணு. முட்டி வலிக்குக் காலு. வீடு கட்ட வீடு. பட்டினச்சேரி ஆளுங்க படகு வாங்குவாங்க. இப்ப விசாவுக்கு ஏரோப்ளேனே விக்கிது. நான் வேளாங்கண்ணியில ஒண்ணு, நாகூருல ஒண்ணுன்னு ரெண்டு ஏரோப்ளேன் போட்டேன். இன்னும் இந்த டிரம்மத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.

—நீ நம்பிக்கையில்லாம போட்டிருப்ப.

—நம்பிக்கையோடதான்க்கா போட்டேன். எங்க தாத்தா மேலதான் நம்பிக்கையில்ல. அந்தக் காலத்துல பிரெஞ்சுக்காரன் ஊர விட்டுப் போறப்ப காகிதத்த நீட்டி, பிரான்சு குடிமகனா இருக்கியா, கையெழுத்துப் போடுன்னான். எங்க தாத்தா, வெயிலா இருக்கு நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து படுத்துட்டாரு. அந்த வெயில்லதான் மூணு தலமுறையாக் காயறோம்.

—ரிஃபானா தொட்டில்தான் குடுத்திருப்பா. பிள்ள நல்லபடியா பொறக்கணும், நான் கூடவே இருக்கணும்னு. ஏன்க்கா, தொட்டில்தான?

—எது தம்பி?

—தகட்டுல இருந்த உருவம்.

—அது வந்து... டேய் கிளாட்வினு, அந்த இழுவ மீட்டரு முள்ளு ஏன் ஆடுது?

—ஏறுது பாய்! முள்ளு ஏறுது! உருளையில கடைசிச் சுத்து அவுருது!

—சோப்பு போடு. வேகத்தக் கொறச்சுடாத. ஏத்தவும் ஏத்தாத.

—அப்ப என்னதான் பண்ணட்டும்?

—ஒண்ணும் பண்ண முடியாது. கையக் கட்டிக்கிட்டு நில்லு.

—இவ்ளோ படிச்சு இதத்தான் சொல்றியா?

—ஆமா. டைக்குள்ள போயிடுச்சுன்னா அது அல்லாவோட கணக்கு. என் கணக்கு டையோட வாசல்லயே முடிஞ்சுடுச்சு.

—அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே...

—ஞானக்கா, கொஞ்சம் சத்தமா. மெஷின் சத்தத்துல அவங்களுக்குக் கேக்காது.

—சும்மா இருடா... பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர்...

—வானத்துல உள்ளவங்கள நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க. நான் கரண்ட்டப் பாத்துக்கறேன். கரண்ட்டு சாமி, இன்னும் கொஞ்ச நேரம். லைட்டு மினுக்குது பாய்!

—பாத்தேன்.

—போச்சு. போயிடும்போல.

—சொல்லாத.

—வந்துடுச்சு. மினுக்கிட்டு வந்துடுச்சு. சத்தம் மாறுது, கேக்குதா? கிரீச்சுங்குது.

—கேக்குது. வெள்ளிதான் உள்ள போவுது.

—சூடா இருக்கு பாய், டை பக்கம் கை வைக்க முடியல.

—தள்ளி நில்லு. அறுந்துச்சுன்னா சாட்டை மாதிரி அடிக்கும். அக்கா, தூணுக்குப் பின்னாடி போங்க. மூஞ்சிய மறைச்சுக்குங்க.

—நீ ஏன் அங்கயே நிக்கிற? நீயும் வா தம்பி! மாசமா இருக்குறவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

—என்னால நகர முடியலக்கா.

—பயமா?

—ரிஃபானா உள்ள இருக்கறாப்ல இருக்கு.

—பாய், முள்ளு செவப்புல தொடுது.

—யா அல்லா. யா அல்லா. யா...

—எறங்குது.

—என்ன?

—எறங்குது பாய். முள்ளு எறங்குது! வால் வந்துடுச்சு! அந்தா, டையிலேர்ந்து வெளிய வந்து ஆடுது பாரு! முழுசு! ஒரே கம்பி!

—நிறுத்து.

—பேச்சையா?

—மெஷின! இப்ப நிறுத்துடா! நிறுத்து!

—நிறுத்திட்டேன். மேட்டர் அவ்ளோதான்! ஞானக்கா, வெளிய வாங்க! உங்க பீடி பாஸ் ஆயிடுச்சு!

—மாதாவுக்கு மகிமை! ஆண்டவருக்கும் மகிமை! நான் என்ன சொன்னேன்? தப்பான்னு கேட்டேன்ல?

—தப்புதான்க்கா. எழுதி வச்சுக்குங்க, பெரிய தப்பு. ஆனா கையக் குடுங்க.

—ஆடாதீங்கக்கா, எண்ணெத் தரை, வழுக்கும்.

—டேய் கிளாடு, தொட்டுப் பாரு. தலையிலேர்ந்து வால் வரைக்கும் எங்கயும் ஒரு தழும்பு கூட இல்ல.

—சம்பந்தம் சாரு கூப்புடுறாரு, எடு. கேமராவுல பாத்துக்கிட்டே இருந்திருப்பாரு.

—சார். ஆமா சார், முழுசா வந்துடுச்சு சார்... அது ஞானக்கா சார், சந்தோஷத்துல ஆடுனாங்க... ஆமா சார், டெஸ்ட்டெல்லாம் பண்ணிட்டுத்தான்... அடுத்த மாசம் அனுப்பிடலாம் சார்... யாரு சார்?... கூடவா?... இல்ல சார், அது... வேற யாராவது போனா?... எப்ப சொன்னீங்க சார்?... வீட்டுல இப்ப ஏழாவது... சரி சார்... சந்தோஷந்தான் சார்... வச்சிடுறேன் சார்.

—என்னவாம்?

—கம்பி பிரான்சுக்குப் போவுதாம்.

—அது தெரிஞ்சதுதான?

—கூட நானும் போறேனாம்.

—என்ன?

—கம்பிய செஞ்சவன் பக்கத்துல இருந்தாத்தான் சுருளு சுத்துவாங்களாம். அப்பறம் அத வச்சு சோதன பண்றது வரைக்கும் நான் அங்கயே இருக்கணுமாம். ஒன்றர வருஷம். போன மாசமே கேட்டாங்களாம், இவரும் சரின்னுட்டாராம். கம்பி நல்லபடியா வந்தப்பறம் இனிப்பான சேதியா சொல்லலாம்னு மனசுலயே வச்சிருந்தாராம்.

—பிரான்சு! டேய்! பிரான்சுடா! என்னைய அனுப்பச் சொல்லு. தாத்தா போடாத கையெழுத்த நான் போட்டுட்டு வந்துடுறேன்.

—கேட்டேன். வேற ஆளு முடியாதாம். நான் போவலைன்னா அவங்க கம்பிய எடுக்க மாட்டாங்களாம். எடுக்கலைன்னா செக்‌ஷன் இருக்காதாம். செக்‌ஷன் இல்லைன்னா...

—தமாம்.

—அறுந்திருந்தா தமாம். அறுவாததுனால பிரான்சு. நடுவுல காரைக்கால்ல எறங்குறதுக்கு எடமே இல்ல.

—அழாத தம்பி. ஒன்றர வருஷம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள...

—அது காந்தத்துக்குக்கா. பிள்ளைக்கி இல்ல. நான் திரும்பி வந்து கதவத் தட்டறப்ப அது நடக்கும், பேசும். கதவத் தொறந்து பாத்துட்டு உள்ள ஓடிப்போயி என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும்.

—வீடியோ கால் இருக்கே பாய் இப்ப.

—போன்ல தெரியுற மாமான்னு சொல்லும்.

—ரிஃபானா கூப்புடுது பாரு. ஸ்கிரீன்ல பேரு வருது.

—என்ன கேப்பான்னு தெரியும்.

—எடுத்துச் சொல்லு. அறுவலன்னு சொல்லு.

—அத சொன்னா மிச்சத்தையும் சொல்லணுமே. எப்படிடா சொல்வேன்? நான் பக்கத்துல இருக்கணும்னு, யாருக்கும் தெரியாம, வெள்ளியில தொட்டில் செஞ்சு குடுத்து விட்டவ அவ. அந்தத் தொட்டில்தான் இப்ப இந்தக் கம்பியோட வால் முழுக்க நூலா நீண்டுகிட்டுக் கெடக்கு. அதையே கொண்டுபோயி பிரான்சுல விக்கணும்ங்கறாங்க. இத அவ தாங்குவாளா? நீங்களே சொல்லுங்கக்கா.

—போன எடு தம்பி. ரொம்ப நேரமா அடிக்கிது.

—நீங்க உருட்டுறதுக்கு முன்னாடி பாத்திருப்பீங்கல்ல? சின்னத் தொட்டிலா? கயிறெல்லாம் செதுக்கியிருந்துச்சா?

—மொதல்ல போன எடு.

—சொல்லுங்க, அப்பறம் எடுக்குறேன். தொட்டில்தான?

—ஞானக்கா, சொல்லித் தொலைங்க. ஆளு விழுந்துடுவான்போல.

—கிளாட்வினு போட்டது மாதிரிதான்... ரெக்க இருந்துச்சு தம்பி.